ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு எந்த மாதம் போவது நல்லது?

மே மாத மலர்க் கண்காட்சிக்கே போக வேண்டுமா, மற்ற மாதங்களில் பூ இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மேட்டுப்பாளையத்துக்காரன், எல்லாப் பருவத்திலும் மலையேறிப் பார்த்திருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் போங்கள் என்பேன்.

பூக்கள் குவிந்திருப்பது மே மாதத்தில்தான், அதில் சந்தேகமில்லை. அதற்கான விதைப்பு டிசம்பர், ஜனவரியிலேயே தொடங்கிவிடும். எந்தச் செடி பூக்க எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் பார்த்து, முன்னும் பின்னுமாக விதைத்து, எல்லாம் மே மாதத்தில் ஒன்றாக மலரும்படி செய்கிறார்கள். அந்த உழைப்புக்காகவே ஒருமுறை பார்க்கலாம். ஆனால் கூட்டத்தில் ஒரு டேலியாவின் முன்னால் நிம்மதியாக நிற்க முடியாது.

செப்டம்பரில் இரண்டாவது சீசன். தென்மேற்கு மழை குறைந்து, வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இடைவெளி அது. மலர் மாடங்களில் மறுபடியும் பூந்தொட்டிகளை அடுக்கிவிடுவார்கள், புல்வெளியும் நல்ல பச்சையாக இருக்கும். மே மாதத்துக்கு முன்னால் போகிறவர்கள், பராமரிப்புக்காகப் பெரிய புல்வெளியை மூடியிருப்பதைப் பார்த்து ஏமாறுவதுண்டு.

பூ முக்கியமில்லை என்றால் ஜனவரி. மேகமில்லாத இரவில் நிலம் தன் சூட்டை இழந்துவிட, கனத்த குளிர்காற்று தாழ்வான இடங்களில் தேங்கி, புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படியும். செடிகள் கருகாமல் இருக்க மிலார் செடிகளை வெட்டிவந்து மேலே மூடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் உண்டு. இதைப் பார்க்க வேண்டுமானால் காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். வெயில் வந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் உருகிவிடும்.

ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியும்தான். பூக்காத பெரணிச் செடிகளை (fern) வளர்க்கும் பெரணி இல்லம் எனக்கு அப்போதுதான் பிடிக்கும். சரிவுப் பாதைகள் வழுக்கும் என்பதால் வயதானவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

எந்த மாதம் போனாலும் ஒன்று செய்யுங்கள். பலர் புல்வெளியில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பூங்கா தொட்டபெட்டா மலைச்சரிவில் சுமார் 22 ஹெக்டேரில் இருக்கிறது. 1848-இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் இதை வடிவமைக்கத் தொடங்கினார். இதன் பெருமை தொட்டிப் பூக்களைவிட மரங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். குரங்கேறா மரத்தையும் (monkey puzzle), 2 கோடி ஆண்டுப் பழமை என்று சொல்லப்படும், கல்லாகவே மாறிவிட்ட கல்மரத்தையும் பாருங்கள். அப்புறம் மெதுவாக மேலே ஏறினால் தோடர் பழங்குடிகளின் மந்து, அதாவது அவர்கள் குடியிருப்பு, வரும். அங்கே மக்கள் வாழ்கிறார்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் எடுத்துக்கொள்ளுங்கள்.