கசின்னா உறவினராம்!

கேள்வி: என் பையன் ஒன்பதாவது படிக்கிறான். டியூஷன்ல சி எழுத்துல ஆரம்பிக்கிற 100 இங்கிலீஷ் வார்த்தைய அர்த்தம், பாஸ்ட் டென்ஸ், நவுன் எல்லாத்தோடயும் பத்து நாள்ல மனப்பாடம் பண்ணச் சொல்லி ஷீட் குடுத்திருக்காங்க. ஏ, பி முடிஞ்சாச்சு. ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஒப்பிக்கிறான், காலைல கேட்டா முழிக்கிறான். நீங்களும் வாரம் ஒரு எழுத்துன்னு இப்படி லிஸ்ட் போட்டா எங்கள மாதிரி வீட்டுக்கு உபயோகமா இருக்குமே?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்.

பதில்: போட மாட்டேன்மா. கோவிச்சுக்காதீங்க. நீங்க கடிதத்தோட வச்சு அனுப்பின அந்த ஜெராக்ஸ் ஷீட்ட மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுட்டுதான் சொல்றேன், பையன் மேல தப்பே இல்ல, அந்த ஷீட்டே மறக்கறதுக்குன்னு தயார் பண்ணின மாதிரி இருக்கு. கேன்சல், கேண்டில், கேப்டன், கேட்டில், காஷியஸ்னு ரேஷன் கடை வரிசைல முன்ன பின்ன தெரியாதவங்க நிக்கற மாதிரி நிக்குதுங்க. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு பாத்தா முதல் எழுத்து, அவ்ளோதான். உங்க தெருவுல 'ச'னால பேரு ஆரம்பிக்கறவங்கள எல்லாம் வரிசையா சொல்லுங்கன்னா நீங்களே திணறுவீங்க, அதே தெருவுல யாரு வீட்டு பொண்ண யாரு வீட்டுல கட்டிக் குடுத்திருக்குன்னு கேட்டா தூக்கத்துல கூட சொல்லுவீங்கல்ல?

அகர வரிசைங்கறது தேடறதுக்கு வந்த ஏற்பாடு. இங்கிலீஷ் வார்த்தைக்கு இங்கிலீஷ்லயே அர்த்தம் சொன்ன முதல் அகராதிய 1604-ல ராபர்ட் காட்ரினு ஒரு வாத்தியார் போட்டார், சுமார் 2,500 வார்த்தை. அந்த காலத்து ஆளுங்களுக்கு எழுத்து வரிசைல தேடற பழக்கமே கிடையாது, அதனால முன்னுரைல உக்காந்து சொல்லிக் குடுக்கறார், வார்த்தை சி-ஏன்னு ஆரம்பிச்சா சி பகுதியோட தொடக்கத்துல பாரு, சி-யூன்னு ஆரம்பிச்சா கடைசி பக்கமா பாருன்னு. பாருன்னுதான் சொன்னார், ஒப்பின்னு சொல்லல.

ஒப்பிக்கறதுக்குன்னு நம்மகிட்ட வேற சரக்கு இருந்துச்சு, நிகண்டு, அதாவது பொருள் வாரியா சொல்லுங்கள அடுக்கின பழைய தமிழ்ப் பொஸ்தகம். திவாகர நிகண்டுல 12 தொகுதி, தெய்வப் பேரு ஒரு பக்கம், மக்கள் பேரு ஒரு பக்கம், விலங்கு, மரம், இடம், ஒலின்னு போகும், ஒரு சொல்லுக்கு பல பொருள் வர்றதுக்குன்னே தனித் தொகுதி. திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க நிகண்டு மனப்பாடம் பண்ணினாங்கன்னா அதுல யானைக்குப் பக்கத்துல யானையோட மத்த பேரெல்லாம் நின்னுச்சு, ஒண்ண இழுத்தா ஒம்பது வந்துச்சு. எழுத்து வரிசை அகராதி நிகண்டெல்லாம் அப்புறம் வந்தது, 1594-ல. உங்க டியூஷன் சார் தேடற பொஸ்தகத்த எடுத்து ஒப்பிக்கச் சொல்றார், அதான் சிக்கல்.

சரி, சி-யே வேணும்னா சி-யிலயே காட்டறேன். ஷீட்ல 'சாக்' 17-வது, 'கால்குலேட்' 8-வது, 'கால்சியம்' இல்லவே இல்ல. மூணும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. லத்தீன்ல கால்க்ஸ்னா சுண்ணாம்புக்கல். அதுல இருந்துதான் சாக். 1808-ல ஹம்ஃப்ரி டேவி சுண்ணாம்புல இருந்து ஒரு உலோகத்த பிரிச்சு அதுக்கு கால்சியம்னு பேரு வச்சார். சின்ன கல்லு கால்குலஸ், கூழாங்கல்ல வச்சு கணக்கு போட்டதால கணக்கு போடறது கால்குலேட். எங்க அப்பாவுக்கு வயித்து வலி வந்து ஸ்கேன் எடுத்தப்போ ரிப்போர்ட்ல கால்குலஸ்னு போட்டிருந்துச்சு, ப்ளஸ் டூ படிச்சிட்டிருந்த என் தம்பி அத வாங்கிப் பாத்துட்டு மேத்ஸ் எதுக்கு கிட்னில இருக்குன்னு கேட்டான், வீடே சிரிச்சுது, அப்பா மட்டும் சிரிக்கல. ஆனா அன்னைக்கு தெரிஞ்ச அந்த வார்த்தை இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல யாருக்கும் மறக்கல.

அதே சாக்-க வச்சு நம்ம ஊருலயே ஒரு கூத்து இருக்கு. சேலம் ஜங்ஷன்ல இருந்து ஜோலார்பேட்டை பக்கம் ரயில் ஏறினா மேக்னசைட் ஜங்ஷன்னு ஒரு ஸ்டேஷன் வருதே, அந்தப் பக்கத்து கரடுங்களுக்கு வெள்ளக்காரன் வச்ச பேரு சாக் ஹில்ஸ். வெள்ளையா தெரிஞ்சுது, சாக்னுட்டான். அங்க இருக்கறது சாக் இல்ல, மேக்னசைட். சாக்-னா கால்சியம் கார்பனேட், இது மக்னீசியம் கார்பனேட், இரும்பு உருக்கற உலைக்கு உள்பக்கம் பதிக்கற செங்கல் பண்றதுக்கு போற கல்லு. நம்ம ஆளுங்க வெள்ளக்கல்னாங்க, கலர மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கிட்டாங்க, தப்பாகல. பையன ஒரு ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் ரயில்ல கூட்டிட்டுப் போய் இத சொல்லுங்க, சாக், கால்சியம், கார்பனேட்னு மூணு சி அவன் மண்டைல குடியேறிடும், ஷீட் வேண்டாம்.

கேட்டில்னா கால்நடை, கேபிடல்னா மூலதனம்னு தனித்தனியா போட்டிருக்காங்க, அதுவும் ஒரே குடும்பம்தான். தலைங்கற லத்தீன் சொல்லுல இருந்து வந்தது, கேட்டில்னா மொதல்ல சொத்துன்னுதான் அர்த்தம், அப்புறம் மாடுன்னு சுருங்கிச்சு. நமக்கும் மாடுன்னா செல்வம்தானே, கல்வியப் பத்தின 400-வது குறள்ல அந்த அர்த்தத்துலதான் வருது. இத சொன்னா பையனுக்கு தமிழ் பரிட்சைக்கும் ஆச்சு.

கலெக்ட்னா சேகரி, கலெக்டர்னா மாவட்ட ஆட்சியர்னு எட்டு வரி தள்ளித் தள்ளி இருக்கு. ஏன் தள்ளணும்? சேகரிக்கறவர்தான் கலெக்டர். 1792-ல திப்பு கிட்ட இருந்து பாராமகாலும் (இப்போ கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீட்ங்கறவர வரி வசூல் பண்ண அனுப்பினாங்க, வேலையே வசூல், அதான் பேரு. (காஃபியும் சி-தான், ஏற்காட்டுல அத கொண்டு வந்து வச்சவரும் ஒரு கலெக்டர்தான், காக்பர்ன், 1820-கள்ல இங்க இருந்தவர். அவரு பேரும் சி, விடுங்க.)

ஃபார்ம்ஸ் பத்தி ரொம்ப பேச ஒண்ணும் இல்ல. கட், வீசறதுக்கு வர்ற காஸ்ட், கட்டணத்துக்கு வர்ற காஸ்ட் மூணும் பாஸ்ட் டென்ஸ்ல அசையாது, கேட்ச் மட்டும் காட் ஆகும், சூஸ் சோஸ் சோஸன் ஆகும், இதெல்லாம் வாய்ல போட்டு நாலு தடவ பேசினா படிஞ்சுடும், கிரிக்கெட் பாக்கற பையன் எவனும் கேட்ச்டுன்னு சொல்ல மாட்டான். ஆனா காம்ப்ளிமெண்ட்னு ரெண்டு இருக்கு பாருங்க, தமிழ்ல எழுதினா ஒண்ணுதான், இங்கிலீஷ்ல நடுவுல ஐ வந்தா பாராட்டு, ஈ வந்தா இன்னொண்ண நிறைவாக்கறது. பட்டுப் புடவைக்கு ஜாக்கெட் எடுப்பா இருந்தா அது ஈ, அத பாத்து பக்கத்து வீட்டுக்காரம்மா நல்லாருக்குங்கறது ஐ. கவுன்சிலர்லயும் இதே கூத்துதான், வார்டுல ஓட்டு வாங்கினவருக்கு ஒரு ஸ்பெல்லிங், ஆலோசனை சொல்றவங்களுக்கு வேற. ரெண்டையும் அடுத்தடுத்து ஒரே ராத்திரில ஒப்பிச்சா கட்டாயம் குழம்பும். ஒண்ண நல்லா புழங்கினப்புறம் மத்தத தொடணும்.

எனக்கு நிஜமாவே கோவம் வந்த இடம் 43-வது வார்த்தை. கசின்னா உறவினர்னு போட்டிருக்கு. என்னம்மா அநியாயம் இது? உறவினர்னா மாமியாரும்தான் உறவினர். கசின்ங்கறது மாமா பிள்ளை, அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளை, பெரியம்மா பிள்ளை எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டற வார்த்தை. நமக்கு அப்படி ஒரு மூட்டையே கிடையாது, ஏன்னா நம்ம ஊருல மாமா பொண்ணுன்னா கட்டிக்கற முறை, சித்தப்பா பொண்ணுன்னா தங்கச்சி, ரெண்டையும் ஒரே சொல்லால சொன்னா பந்தி ரெண்டாயிடும். அதனாலதான் நம்மாளுங்க கசின் பிரதர், கசின் சிஸ்டர்னு ஒட்டுப் போட்டாங்க, இங்கிலீஷ்காரன் சிரிச்சா சிரிக்கட்டும், தேவை இருந்துச்சு ஒட்டினாங்க. இப்படி ஒரு வார்த்தை அர்த்தம் கேக்காம கதை கேக்குது, ஷீட்ல அதுக்கு அரை இஞ்சு எடம்.

இன்னொண்ணு விட்டுப் போச்சு, கொரண்டம். வைரத்துக்கு அடுத்த கடினம், கெம்பும் நீலமும் அதோட ஜாதிதான், பழைய சாணைக்கல்லுல இருக்கறதும் அதுதான். அந்த இங்கிலீஷ் வார்த்தை நம்ம குருந்தம். அது கிடைக்கற சித்தம்பூண்டி இப்போ நாமக்கல் ஜில்லா, அப்போ நம்ம சேலம் ஜில்லா. கட்டுமரத்துல இருந்து போன கேடமரான், சுருட்டுல இருந்து போன செரூட், கஞ்சில இருந்து போன காஞ்சி, கறில இருந்து போன கரி, எல்லாம் சி-தான், நூறுல ஒண்ணு கூட இல்ல. பையன் ஏற்கனவே தெரிஞ்சு வச்சிருக்கற வார்த்தைங்க இதெல்லாம், அதுல இருந்து ஆரம்பிச்சிருந்தா அவனுக்கு தைரியமாவது வந்திருக்கும்.

டி ஷீட் வர்றதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. பையன விட்டு டியூஷன் சார்கிட்ட கேக்கச் சொல்லுங்க, சார், எங்க அத்தை பையனும் கசின், சித்தப்பா பையனும் கசின், அப்போ ரெண்டு பேரும் எனக்கு ஒரே முறையா சார்னு. என்ன சொன்னார்னு மறக்காம எனக்கு எழுதுங்க, இதே பக்கத்துல போடறேன்.