‘அபௌட்’டை அடித்த பெண்ணுக்கு சி.ஏ. எதற்கு?

ஆத்தூர் பக்கமிருந்து அப்பா, அம்மா, பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப் முடித்த மகள், மேலே என்ன படிப்பது என்று கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. பெண் பி.ஏ. ஆங்கிலம் கேட்கிறாள். மாமாவோ சி.ஏ. பயிற்சியோடு சேர்ந்த பி.காம். சீட் பார்த்து வைத்திருக்கிறார், வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம். அப்பாவின் பயம் வேறு: “இங்கிலீஷ்ல சொந்தமா ஒரு பக்கம் எழுத வரலைங்க. அதையே எப்படிப் படிப்பா?”

எழுத வராததற்குப் பெண் காரணமில்லை. கட்டுரையை மனப்பாடம் செய்தே பாஸானால் யாருக்கும் எழுத வராது. சொற்களை அர்த்தத்தோடு உருப்போட்டாலும் வராது. எந்தச் சொல் எதோடு சேரும் என்று தெரிய வேண்டும். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது; மாற்றிச் சொல்ல நமக்கு வாய் வருமா? அதுபோல ஆங்கிலத்தில் ‘மிஸ்டேக்’குக்கு ‘மேக்’, ‘ஹோம்வொர்க்’குக்கு ‘டூ’.

பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஏழாவது படிக்கும் தம்பிக்காக எழுதியது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லை அடுத்து ‘அபௌட்’ எழுதி, அது அங்கே வராது என்று சிவப்பு மையில் அடித்திருந்தாள். கீழே அவனுடைய கிரிக்கெட்டை வைத்து மூன்று வாக்கியம். யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். “பேப்பர்ல பார்த்தேன் சார், அபௌட் வரவே இல்லை.”

சி.ஏ. நல்ல படிப்புதான், கணக்கில் கிறுக்கு உள்ளவர்களுக்கு. இவள் டீச்சர். சேலம் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இருக்கிறது. வருடச் செலவு சில ஆயிரங்களில் முடியும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பிறகு இரண்டு வருட பி.எட்., ‘டெட்’ எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள்.

எழுத்துக்கு இன்றே தொடங்கலாம். ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தி படித்து, மூடிவைத்து, தன் வார்த்தையில் எழுதி, திரும்ப ஒப்பிட்டுப் பார்க்கட்டும். விட்டுப்போன ஜோடிச் சொற்களை மட்டும் நோட்டில் ஏற்றட்டும், ஒரு நாளுக்கு ஐந்து போதும். மறுநாள் அந்த ஐந்தையும் வைத்துத் தம்பியைப் பற்றியோ பக்கத்து வீட்டைப் பற்றியோ நாலு வரி. கடினமான சொற்களைத் தேடி ஓட வேண்டாம். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலே சுமார் 2,000 சொற்கள்தான்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள். சி.ஏ. சீட்டுக்காக நகையை அடகு வைக்கும் யோசனையை இன்றோடு விடுங்கள். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். விண்ணப்பத்தில் பாடத்தை அவளே டிக் செய்யட்டும்.