ராணுவத்தில் இருந்த மாமா தவறிவிட்டார், மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அத்தைக்கு என்ன கிடைக்கும்?

முதலில் மாமா எத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று பாருங்கள். அதிகாரி அல்லாத சாதாரண வீரர் 21 வருடம் முடித்திருந்தால்தான் பென்ஷன். முடித்திருந்தால், அந்தப் பென்ஷன் மனைவிக்குத் தொடரும். பென்ஷன் இல்லாதவர்களுக்கு, அவர்கள் கட்டிய சந்தாவோடு அரசாங்கம் போட்ட பங்கும் ராணுவச் சேமநிதி வாரியத்தில் (எல்தாட், 1972இல் தொடங்கியது) சேர்ந்திருக்கும். விலகும்போது மாமா அதை எடுத்துவிட்டாரா என்று விசாரியுங்கள்.

மற்றபடி எல்லாவற்றுக்கும் தற்காப்பு அமைச்சின் கீழ் உள்ள முன்னாள் படைவீரர் விவகார இலாகாதான். பென்ஷன் இல்லாதவர்களின் குடும்பத்துக்கும் அங்கே சில உதவித்தொகைகள் உண்டு. நிபந்தனைகள் அவ்வப்போது மாறும், நேரில் கேட்டுவிடுங்கள்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது கல்யாணப் பத்திரத்தில். கோயிலில் தாலி கட்டி, ஊருக்குச் சோறு போட்டு, பதிவு மட்டும் விட்டுப்போயிருக்கும். 1982 மார்ச் 1க்கு முன் முறைப்படி நடந்த கல்யாணம் என்றால் பதிவு இல்லாவிட்டாலும் சட்டப்படி செல்லும். கோயில் ரசீது, பழைய போட்டோ, சாட்சி எல்லாம் திரட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பிந்தியது என்றால் சிக்கல்தான், வக்கீலைப் பாருங்கள்.

மாமாவின் ராணுவ எண் தெரியுமா? விலகல் கடிதத்தில் இருக்கும். அப்புறம் இறப்புப் பத்திரம், அத்தையின் மைகார்ட் (அடையாள அட்டை), வங்கிப் புத்தகம். எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடலாம்.