புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு படிக்கிறேன். பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வருவேன். இங்கே தினமும் நாலைந்து மணி நேரம் படித்தாலும் இரண்டே நாளில் மறந்துவிடுகிறது. செமினாரில் பதில் தெரிந்தாலும் வாய் திறப்பதில்லை. மனசுக்குள் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. ஆளுமை வளர்ச்சிப் பயிற்சியில் சேரச் சொல்கிறார்கள் நண்பர்கள். சேரலாமா? இல்லை, இந்தப் படிப்பே எனக்குச் சரிவராதா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவர்

பதில்: அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பு தாராளமாகச் சரிவரும். "வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனையோ மாணவர்கள் என்னிடம் சொல்ல முடியாமல் திணறிய விஷயம் அது. அதை ஒரே வரியில் சொல்லத் தெரிந்தவர் நீங்கள்.

மறதி, பேச வராமை என்று இரண்டு குறைகளை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. படித்ததைப் புத்தகம் பார்க்காமல் சொந்த வார்த்தையில் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான். பள்ளியில் அதற்கு அவசியமே வந்திருக்காது. ஆசிரியர் பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார், வாரத்துக்கு ஒரு தேர்வு வைத்தார், கேள்வி கேட்டு எழுப்பி நிறுத்தினார். பாடம் மனதில் நின்றது அதனால்தான். இங்கே அந்த வேலை முழுவதும் உங்கள் பொறுப்பு. அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இருபது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் பாடம் எடுத்தவள் நான். தேர்வுக்கு முன்னால் ஒரு மாணவி என் அறைக்கு அழுதுகொண்டே வந்தாள். கையில் இருந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஹைலைட்டர் மஞ்சள். கோடு போடாத வரியைத் தேடத்தான் வேண்டும். ஒரு அத்தியாயத்தை ஆறு தடவை படித்திருந்தாள். புத்தகத்தை வாங்கி மூடி என் பக்கம் வைத்துக்கொண்டு, "இதில் என்ன இருக்கு, எனக்குச் சொல்லும்மா" என்றேன். முதல் வாக்கியம் கடகடவென்று வந்தது. இரண்டாவது பாதியில் நின்றது. அவள் பார்வை மூடிய புத்தகத்துக்குப் போனது, என் முகத்துக்கு வந்தது, மறுபடி புத்தகத்துக்கே போனது. தினமும் எதிரே வரும் ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியும். பெயரைக் கேட்டால் விழிப்போம், இல்லையா? அவளுக்கும் அந்த வரிகளுக்கும் அந்த அளவுக்குத்தான் பழக்கம்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு குழு ஒரே முறை படித்தது. பிறகு மூன்று முறை, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு நினைவில் இருந்தது ஏறக்குறைய 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. திரும்பத் திரும்பப் படிப்பது ஏன் நம்மை ஏமாற்றுகிறது என்று இதிலிருந்தே தெரிகிறது. படித்த கையோடு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்தத் தெம்பில் படுக்கப் போய்விடுவோம்.

அதனால் இன்றைக்கு ராத்திரியே ஒன்று செய்யுங்கள். பத்துப் பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, நினைவில் இருப்பதை எழுதுங்கள். நாலு வரியில் பேனா நின்றுவிடும். அங்கே உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் தவித்தபடி யோசியுங்கள், அந்தத் தவிப்புதான் வேலை செய்கிறது. அப்புறம் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். நாளைக்கு ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை இதையே செய்யுங்கள். நாலைந்து மணி நேரமெல்லாம் தேவைப்படாது.

சரி, பேச்சுக்கு வருவோம். தாளில் எழுதியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அறையில் யாரும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மனசுக்குள் ஓடும்போது எல்லா வாக்கியமும் முழுசாக இருப்பது போலத் தோன்றும். நாக்குக்கு வந்தால்தான் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரியும். ஒரு கருத்தை அறையில் மூன்று முறை சொன்னவர், செமினாரில் புதிதாக வாக்கியம் கோக்க வேண்டியதில்லை.

மின்சாரத்தில் பெரிய கண்டுபிடிப்புகள் செய்த விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். 1812-இல் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, வீட்டில் அவற்றை விரிவாக எழுதி, தானே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். அடுத்த வருஷமே அவருடைய ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. கேட்டதைத் தன் வார்த்தையில் எழுதத் தெரிந்ததற்குக் கிடைத்த வேலை அது. பேச்சும் அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. நண்பர்களோடு சேர்ந்து மொழியைத் திருத்திக்கொண்டார், பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடம் கேட்டார். மேடையில் வேகம் கூடாமல் இருக்க, 'மெதுவாக' என்று எழுதிய அட்டை அவர் முன்னால் இருக்குமாம். அவரைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு மனதில் நிற்பது அந்த அட்டைதான்.

ஆளுமைப் பயிற்சி? பணம் கட்டிச் சேர இப்போது அவசரமில்லை. அதைவிட இரண்டு மூன்று வகுப்புத் தோழர்கள் கிடைத்தால் வாரத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல் மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். கேட்பவர்கள் "புரியவில்லை" என்று தயங்காமல் சொல்ல வேண்டும். நண்பன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு மறுபடி சொல்லிப் பழகினால் அறிமுகமில்லாதவர்கள் முன்னாலும் பயம் குறையும்.

பேராசிரியர்களிடம் தனியாகப் போய்ப் பேசவும் தயங்காதீர்கள். "ஒன்றுமே புரியவில்லை" என்று போய் நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. உங்கள் தாளை எடுத்துப் போய், "இதுவரை வருகிறது, இந்த இடத்தில் நின்றுவிடுகிறது" என்று காட்டுங்கள். அப்படி வரும் மாணவருக்காக நான் என் சாப்பாட்டு நேரத்தை எத்தனையோ முறை சந்தோஷமாக விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்த செமினாருக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால் நேரம் ஆக ஆகப் பயம் ஏறும். தாளைப் பார்த்தே வாசித்தாலும் தப்பில்லை, குரல் நடுங்கினாலும் தப்பில்லை. அன்று ராத்திரி எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், என்ன கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து.