மண்டபத்தில் படம் ஏன் அறுந்து போகிறது? வயர்லெஸ் வீடியோ வாங்குவோருக்கான கேள்வி-பதில்

கேமராவிலிருந்து மானிட்டருக்கு ஒயர் இல்லாமல் படம் அனுப்பும் செட்டுகளைப் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. சினிமா யூனிட்டுகளிடம் மட்டுமே இருந்த பொருள் இப்போது கல்யாண வீடியோ எடுப்பவர்களின் பைகளுக்குள்ளும் வந்துவிட்டது. பணம் போகும் இடம் என்பதால் சிலவற்றுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். கிம்பலில் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி) இருக்கும் கேமராவிலிருந்து மண்டபத்து எல்இடி வாலுக்கு (பெரிய திரை) படம் அனுப்ப ஒரு செட் வாங்கினேன். பெட்டியில் 400 அடி என்று போட்டிருக்கிறது. காலையில் ஆள் இல்லாதபோது கடைசி வரிசை வரை நன்றாக வந்தது. முகூர்த்த நேரத்தில் 60 அடியிலேயே அறுந்து அறுந்து வருகிறது. செட்டில் குறையா? கடையில் மாற்றித் தரச் சொல்லலாமா?

செட்டில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. காலையில் கடைசி வரிசை வரை வந்ததே அதற்குச் சாட்சி.

பெட்டியில் போட்டிருக்கும் 400 அடி, நடுவில் எதுவும் மறைக்காத திறந்தவெளிக் கணக்கு. இந்த செட்டுகளில் பெரும்பாலானவை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. அந்த அலையின் நீளம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர்தான். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சிவிடும். காலையில் உங்கள் டிரான்ஸ்மிட்டருக்கும் (கேமராவில் மாட்டி அனுப்பும் பெட்டி) ரிசீவருக்கும் (படத்தை வாங்கும் பெட்டி) நடுவில் காலி நாற்காலிகள் இருந்தன. கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் எழுந்து மேடையைச் சுற்றி நின்றுவிடுகிறார்கள். அதாவது உங்கள் சிக்னலுக்குக் குறுக்கே ஒரு தண்ணீர்ச் சுவர் எழும்பிவிடுகிறது. போதாததற்கு மண்டபத்து வைஃபை, லைவ் போடுபவரின் ரௌட்டர், விருந்தினர் போன்களின் ஹாட்ஸ்பாட் எல்லாம் அதே அலைவரிசைப் பக்கம் வந்து நெரிக்கின்றன.

முதலில் ரிசீவரைத் தூக்குங்கள். எல்இடி வாலை இயக்குபவர் பெரும்பாலும் வாலுக்குப் பின்னாலோ ஓரத்திலோ உட்கார்ந்திருப்பார். அவர் மேஜையிலேயே ரிசீவரை வைத்துவிடுவதுதான் மண்டபங்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு. வால் என்பது முழுக்க இரும்பு, அலுமினியச் சட்டம். அதற்குப் பின்னால் வைத்தால் 400 அடி செட்டும் 40 அடி செட்டாகிவிடும். ஒரு லைட் ஸ்டாண்டில் மாட்டி, ஆட்கள் தலைக்கு மேலே, ஏழெட்டு அடி உயரத்தில், மேடை தெரியும்படி நிறுத்துங்கள். அங்கிருந்து வாலுக்கு எச்டிஎம்ஐ அல்லது எஸ்டிஐ கேபிள் (இரண்டும் வீடியோ கேபிள்கள்) போடுங்கள். கேபிள் செலவுதான், ஆனால் இன்னொரு விலை உயர்ந்த செட் வாங்குவதைவிட மிகவும் மலிவு.

அடுத்தது ஆன்டெனா. குச்சி ஆன்டெனாவின் பக்கவாட்டில்தான் சிக்னல் பலமாக இருக்கும், நுனியில் இருக்காது. நுனியை ரிசீவரை நோக்கி நீட்டுவது துப்பாக்கி குறி பார்ப்பதுபோலத் தோன்றினாலும் பலன் நேர்மாறு. டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டிலும் ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும். கிம்பல் ஆளும் தன் உடம்பு நடுவில் வராதபடி நிற்கப் பழக வேண்டும். மேடையைப் பார்த்துக்கொண்டு ரிசீவருக்கு முதுகைக் காட்டினால், முதல் தடுப்பே அவர்தான்.

சேனல் தேடுவதை மண்டபம் நிறைந்த பிறகு ஒருமுறை செய்யுங்கள். காலையில் காலியாக இருந்த சேனல் முகூர்த்தத்தின்போது காலியாக இருக்காது. அப்புறம், தாலி கட்டும் நேரத்துக்கு மட்டுமாவது மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் ஒரு கேமரா கேபிளிலேயே வாலுக்குப் போகட்டும். எந்த விலைக்கு வாங்கிய வயர்லெஸ்ஸாக இருந்தாலும் அந்த அரை நிமிடத்தை அதை மட்டும் நம்பி நான் விடமாட்டேன். அந்த வீட்டுக்காரர்களுக்கு அது திரும்ப வராத நேரம்.

இவ்வளவு செய்தும் திறந்த மைதானத்தில் நூறு அடிகூடத் தாண்டவில்லை என்றால், அப்போது கடைக்குப் போங்கள். மைதானத்தில் சோதித்ததை வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சென்னையில் குறும்படங்களுக்கு ஃபோகஸ் புல்லராக, அதாவது ஷாட் ஓடும்போது ஃபோகஸைச் சரிசெய்பவராக, வேலை செய்கிறேன். சொந்தமாக ஒரு செட் வாங்க நினைக்கிறேன். படம் மானிட்டருக்கு வந்து சேரும் தாமதம் 0.08 வினாடி என்கிறார்கள். கண் இமைக்கும் நேரம்கூட இல்லையே, அது பெரிய விஷயமா?

டைரக்டருக்கு இல்லை. உங்களுக்குப் பெரிய விஷயம்.

24 பிரேமில் எடுக்கும்போது ஒரு பிரேமுக்கு சுமார் 42 மில்லி விநாடி. 80 மில்லி விநாடி என்றால் நீங்கள் மானிட்டரில் பார்ப்பது ஏறக்குறைய இரண்டு பிரேம் பழைய படம். நிதானமாக நடந்து வரும் ஒருவர் அந்த நேரத்தில் பத்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 85 எம்எம் லென்ஸை 1.4 அப்பர்ச்சரில் (லென்ஸ் துளையின் அளவு) திறந்து, இரண்டு மீட்டர் தூரத்தில் வைத்தால், ஃபோகஸில் இருக்கும் ஆழம் மொத்தமே ஐந்து சென்டிமீட்டருக்குள்தான். கண் ஷார்ப்பாக இருக்கிறது என்று நீங்கள் திரையில் பார்க்கும்போதே ஆள் அந்த ஆழத்தைத் தாண்டிப் போயிருப்பார். அதே கேமராவில் 50 எம்எம், 2.8, நான்கு மீட்டர் என்றால் ஆழம் ஒரு மீட்டரைத் தொடும். அங்கே 80 மில்லி விநாடியில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆகவே நீங்கள் எந்த லென்ஸில், எவ்வளவு திறந்து வேலை செய்கிறீர்கள் என்பதுதான் முடிவைச் சொல்லும்.

ஹாலிலேண்ட் மார்ஸ் 400எஸ் ப்ரோ போன்ற செட்டுகள் அந்த 0.08 வினாடி வகை. டெராடெக் போல்ட் வரிசை ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதத்துக்குப் பேர்போனது. பெரிய படப்பிடிப்புகளில் ஃபோகஸ் புல்லர்கள் அதைக் கேட்டு வாங்குவதற்குக் காரணம் பந்தா இல்லை, இந்தக் கணக்குதான். விலை வித்தியாசமோ பல மடங்கு.

சொந்தப் பணத்தைப் போடும் முன் நீங்களே அளந்து பாருங்கள். ஒரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு அதைக் கேமராவால் எடுங்கள். வயர்லெஸ் மானிட்டரை அந்தப் போனுக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டும் தெரியும்படி இன்னொரு போனில் பத்துப் படம் எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் மொத்தத் தாமதம். பிறகு அதே மானிட்டரைக் கேபிளில் மாட்டி அதேபோல எடுங்கள். முதல் சராசரியிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வயர்லெஸ்ஸின் பங்கு மட்டும் கிடைக்கும். பலருக்கு அப்போதுதான், கேமராவும் மானிட்டருமே கணிசமான தாமதத்தைச் சேர்க்கின்றன என்று தெரியவரும்.

என் யோசனை: வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுத்து மூன்று ஷூட்டில் பயன்படுத்துங்கள். தாமதமே இல்லாத செட் தேவைப்படும் நாட்களுக்கு அதன் வாடகையை புரொடக்‌ஷனிடம் கேளுங்கள். அதை உங்கள் கைக்காசில் வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளத்தோடு சேர்த்து இலவசமாகக் கொண்டுபோகாதீர்கள். இளம் அசிஸ்டன்டுகள் பலர் இப்படித்தான் கடனில் மாட்டுகிறார்கள்.

கேள்வி: மானிட்டர் வாங்காமல் போனிலேயே பார்த்தால் போதாதா?

டைரக்டரும் கிளையன்ட்டும் பிரேமைப் பார்ப்பதற்குப் போதும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்துகொள்ளுங்கள். நடுவில் அழைப்பு வந்து படம் மறையாது. வெயிலில் போன் சூடாகித் திரையைத் தானே மங்கலாக்கிவிடும், அதற்கு ஒரு குடை பிடிக்க வேண்டும். ஃபோகஸுக்கும் எக்ஸ்போஷருக்கும் போனை நம்ப வேண்டாம். வெளியில் அதிகம் எடுப்பவரானால் 1000 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தின் அளவு) குறையாத மானிட்டராகப் பாருங்கள்.

கேள்வி: 4கே அனுப்பும் செட்தான் வாங்க வேண்டுமா?

வேண்டாம். ஐந்து, ஏழு அங்குல மானிட்டருக்கு 1080 (ஃபுல் எச்டி) தாராளம். கார்டில் பதிவாவது கேமராவின் தரம்தான், நீங்கள் அனுப்பும் படம் பார்ப்பதற்கு மட்டும்.

கேள்வி: டிரான்ஸ்மிட்டரை மாட்டிய அன்றே கேமராவின் எஸ்டிஐ போர்ட் செத்துவிட்டது. உள்ளே போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். டிரான்ஸ்மிட்டரில் கோளாறா?

படிக்கும்போதே வயிறு கலங்கியது, ஏனென்றால் எனக்கும் இது நடந்திருக்கிறது. பொழுது சாய்கிற நேரம், வெளிச்சம் போய்க்கொண்டிருந்த அவசரத்தில், எஸ்டிஐ கேபிள் மாட்டியபடியே டி-டேப் (கேமரா பேட்டரியிலிருந்து மற்ற கருவிகளுக்குப் பவர் எடுக்கும் பிளக்) பவர் கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். மானிட்டர் கறுத்தது, அந்த போர்ட் அதன் பிறகு வேலை செய்யவே இல்லை. வாடகைக் கேமரா. பழுதுச் செலவு என் தலையில் விழுந்தது.

பெரும்பாலும் எந்தப் பொருளிலும் கோளாறு இருப்பதில்லை. மாட்டும் வரிசையில்தான் கோளாறு. பவர் கேபிளை மாட்டும்போது பிளஸ் முனை முதலில் தொட்டு, கிரவுண்ட் முனை ஒரு நொடி தாமதமாகத் தொடலாம். அந்த இடைவெளியில் கரண்ட் திரும்பிப் போக வழி தேடும். எஸ்டிஐ கேபிளின் வெளி உறைதான் அப்போது கிடைக்கும் ஒரே வழி. அந்தப் பக்கமாகப் பாய்ந்து கேமராவுக்குள் இருக்கும் சின்ன சிப்பை எரித்துவிடும்.

ஆகவே மாட்டும்போது முதலில் பவர், கடைசியில் எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, கடைசியில் பவர். பேட்டரி மாற்றும் முன்பும் எஸ்டிஐயைக் கழற்றிவிடுங்கள். கழன்று ஆடும் டி-டேப் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். மலிவான சில டி-டேப் பிளக்குகள் தலைகீழாகக்கூடச் செருகிக்கொள்ளும், அது இன்னும் ஆபத்து. டிரான்ஸ்மிட்டருக்குத் தனியாக என்பி-எஃப் என்ற சின்ன வகை பேட்டரி ஒன்றை மாட்டி ஓட்டினால், கேமரா பேட்டரியோடு பவர் தொடர்பே இல்லாததால் இந்தக் கவலை பெருமளவு குறையும். உங்கள் அசிஸ்டன்டுக்கும் இதை இன்றே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் அங்கே வாங்கி வருகிறேன் என்கிறார். லாபமா?

விலையில் கொஞ்சம் மிச்சமாகலாம். ஆனால் வாரண்டி விற்ற நாட்டோடு நின்றுவிடுமா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். இங்கே ஜிஎஸ்டி பில் கிடைக்காது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் வரியைக் கழித்துக்கொள்ளும் வாய்ப்பும் போச்சு. இந்தியாவில் 2018 முதல் 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், ஆனால் சக்திக்கு உச்சவரம்பு உண்டு, கருவிக்கு இடிஏ என்ற ஒப்புதலும் வேண்டும். இங்கே முறையாக விற்கும் கடையில் அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்கலாம், பையில் வந்த பொருளுக்கு யாரைக் கேட்பது? என்னைக் கேட்டால் கேபிள், ஆன்டெனா, ஸ்டாண்ட் போன்றவற்றை அவர் வாங்கி வரட்டும். பேட்டரி கொண்டுவந்தால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

கேள்வி: வாரண்டி இருந்தும் ரிசீவரைச் சரி செய்து தரவில்லை. நுகர்வோர் நீதிமன்றம் போவேன் என்றேன். "நீங்க தொழிலுக்கு வாங்கினது, அங்கெல்லாம் எடுபடாது" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பாதி உண்மையைச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வது சரிதான். ஆனால் அதே பிரிவில், 2(7)இல், ஒரு விளக்கமும் இருக்கிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது. தானே கேமரா தூக்கிப் பிழைக்கும் ஒருவருக்கு இது பொருந்தும். பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டூடியோ நடத்துபவர் என்றால் எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். பல வழக்குகள் அங்கேயே சமாதானமாக முடிகின்றன. முடியாவிட்டால் கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கடை வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை. 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, வாட்ஸ்அப்பில் அவர்கள் சொன்ன பதில்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். மனுவில் "இதுவே என் பிழைப்பு, நானே இயக்குகிறேன்" என்ற வரியை மறக்காமல் எழுதுங்கள்.