அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் சீசன் தொடங்கும் முன்பே போடும் தரவரிசைக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

இப்போது அவ்வளவாக இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, அதுவும் அநியாயத்துக்கு இருந்தது. 2003 ஆகஸ்டில் மேற்படிப்புக்காக அலபாமாவில் உள்ள ஆபர்னில் போய் இறங்கியவன் நான். அதனால் இதில் நடுநிலையாகப் பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். (நம் ஊர் கால்பந்து இல்லை இது; முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்.)

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1950 முதல் ஒவ்வொரு ஆகஸ்டிலும் இந்தப் பட்டியலை வெளியிடுகிறது. அறுபது சொச்சம் விளையாட்டு நிருபர்கள் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. எதை வைத்து? போன வருட ஆட்டம், இந்த வருடமும் இருக்கும் வீரர்கள், அப்புறம் கல்லூரியின் பழைய பெயர்.

நான் போய் இறங்கிய 2003-இல் எங்கள் ஆபர்ன் பல்கலைக்கழக அணிக்கு 6-வது இடம் கொடுத்திருந்தார்கள். ஊரே மிதந்துகொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே சொந்த மைதானத்தில் கலிஃபோர்னியாவின் யூ.எஸ்.சி. பல்கலைக்கழக அணியிடம் 23-0 என்று தோல்வி. அடுத்த வாரம் ஜார்ஜியா டெக்கிடம் 17-3. இரண்டு ஆட்டத்திலும் ஒரு டச்டவுன்கூட (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) கிடையாது. சூடுபட்ட நிருபர்கள் அடுத்த ஆகஸ்டில் ஆபர்னை 17-வது இடத்தில் உட்கார வைத்தார்கள். முதலிடம் யூ.எஸ்.சி., இரண்டாமிடம் ஓக்லஹோமா.

அந்த 2004-இல்தான் ஆபர்ன் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஒவ்வொரு வெற்றிக்கும் டூமர்ஸ் கார்னர் என்ற தெருமுனையில் உள்ள ஓக் மரங்களில் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசிக் கொண்டாடுவது ஊர் வழக்கம். எல்.எஸ்.யூ.வை 10-9 என்று ஜெயித்த அன்று நானும் வீசினேன். ஆனால் யூ.எஸ்.சி.யும் ஓக்லஹோமாவும்கூடத் தோற்கவில்லை. பட்டத்துக்கு மோதும் அணிகளை முடிவு செய்த அன்றைய பி.சி.எஸ். அமைப்பின் முறையில் நிருபர்கள் வாக்கு, பயிற்சியாளர்கள் வாக்கு, கணினிக் கணக்கு மூன்றையும் சேர்த்து முதல் இரண்டு இடத்தில் வரும் அணிகளுக்கு மட்டுமே இறுதி ஆட்டம்.

பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான் நடந்தது. துண்டு போட்டவர் தானாக எழுந்தால் ஒழிய சீட் கிடைக்காது. தோற்காத அணியைக் கீழே இறக்க எந்த நிருபருக்கும் கை வராது. ஆகஸ்டில் துண்டு போட்ட அதே இரண்டு அணிகளும் இறுதி ஆட்டத்துக்குப் போயின. யூ.எஸ்.சி. 55-19 என்று ஓக்லஹோமாவைத் துவைத்தெடுத்தது. முந்தைய நாள் இரவு ஷுகர் பவுல் என்ற சீசன் முடிவு ஆட்டத்தில் வர்ஜீனியா டெக்கை வென்று 13-0 என்று சீசனை முடித்திருந்த நாங்கள் அதை டிவியில் பார்த்தோம். ஆபர்னின் ஆட்ட அட்டவணையில் தி சிட்டடெல் போன்ற சின்ன அணிகள் இருந்ததும் வினைதான், மறுக்கவில்லை. ஆனால் 17-க்குப் பதில் 3-இல் தொடங்கியிருந்தால் அதை இவ்வளவு தோண்டியிருப்பார்களா?

அந்தக் களேபரத்துக்குப் பிறகு அசோசியேட்டட் பிரஸ் தன் பட்டியலை பி.சி.எஸ். கணக்கிலிருந்து விலக்கிக்கொண்டது. அதன் இடத்தில் வந்த ஹாரிஸ் வாக்கெடுப்பு செப்டம்பர் கடைசியில்தான் முதல் பட்டியலையே வெளியிட்டது.

2014-இல் பி.சி.எஸ். போய், பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்க 13 பேர் கொண்ட குழு வந்தது. அக்டோபர் கடைசியில் அவர்கள் போட்ட முதல் பட்டியலில் முதலிடம் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு. ஆகஸ்ட் பட்டியலின் 25-இல் அந்தப் பெயரே இல்லை! 2024 முதல் 12 அணிகளுக்குப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு என்றானபின் துண்டின் மவுசு இன்னும் குறைந்துவிட்டது. அந்த வருடம் 10-வது இடத்தில் தொடங்கிய ஃபுளோரிடா ஸ்டேட் 2 ஆட்டம் ஜெயித்து 10 ஆட்டம் தோற்றது. 2025-இல் முதல் இரண்டு இடத்தில் இருந்த டெக்சஸ், பென் ஸ்டேட் இரண்டுமே அந்த 12-க்குள் வரவில்லை.

இன்றைக்கு அந்தப் பட்டியல் முதல் சில வாரங்களில் டிவிக்காரர்களுக்கு விளம்பரம் செய்ய உதவும், ரசிகர்களுக்கு வாய்ச்சண்டைக்கு உதவும். அவ்வளவுதான்.

2004 பட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? விதிமீறலுக்காக 2011-இல் யூ.எஸ்.சி.யிடமிருந்து பி.சி.எஸ். அதைப் பறித்தது, வேறு யாருக்கும் தரவில்லை. பொறுத்துப் பார்த்த ஆபர்ன், 2025 ஆகஸ்டில் தன் பட்டங்களின் கணக்கில் 2004-ஐயும் தானே எழுதிக்கொண்டது. என் கூடப் படித்த மதுரைக்காரனுக்குச் செய்தியை அனுப்பினேன். ஒரு டாய்லெட் பேப்பர் படம் மட்டும் பதிலாக வந்தது.