முதலில் வீட்டின் ஓட்டைகளை அடையுங்கோ, பேர்னஸ் பிறகு

தம்பி, உங்கடை கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1958இல் கட்டிய பங்களா வீடு. போன செப்ரெம்பரில் வாங்கினீர்கள். முதல் குளிர்காலத்திலேயே காஸ் பில்லைப் பார்த்து நித்திரை போய்விட்டது. பிள்ளை படுக்கிற பின்னறை மட்டும் சூடேறுவதில்லை. வீட்டைச் சூடாக்குகிற காஸ் பேர்னஸுக்கு 22 வயது. மனைவிக்குக் குசினியைத் திருத்த ஆசை, உங்களுக்கு நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றை வாடகைக்கு விட ஆசை. இதற்கிடையில் ஒருவர் ரெலிபோனில் 'புது பேர்னஸ் போட்டால் எல்லாம் சரி' என்கிறார். கையில் இருப்பது 30,000 டொலர், எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் பேர்னஸ் கடைசி. அது நின்றே போனால், அல்லது காஸ் வேலை தெரிந்தவர் திறந்து பார்த்து உள்ளே வெடிப்பு விழுந்திருக்கிறது என்று சொன்னால், அது வேறு கதை. ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். நாங்கள் 1999இல் மார்க்கம் - லோரன்ஸ் சந்திக்குப் பக்கத்தில் வாங்கியதும் உங்களுடையதைப் போன்ற வீடுதான். 2008இல் என் கணவர் முதல் வேலையாக பேர்னஸை மாற்றினார். பழையது ஒரு லட்சம் பி.ரி.யு (பேர்னஸ் மணித்தியாலத்துக்குத் தருகிற சூட்டின் அளவு). வந்தவர் வீட்டை அளக்கவும் இல்லை, ஜன்னலை எண்ணவும் இல்லை. பழையதில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து அதே அளவில் புதியதைக் கொண்டுவந்து வைத்தார். அது ஐந்து நிமிசம் உறுமும், ஹோலில் இருக்கிற தேர்மோஸ்ராற் சூடானதும் நின்றுவிடும். பின்னறைக்குச் சூடு போய்ச் சேர முதலே நின்றால் அந்த அறை எப்படிச் சூடாகும்? ஐந்தாறாயிரம் டொலர் செலவழித்த பிறகும் மகள் இரண்டு சொக்ஸ் போட்டுக்கொண்டுதான் படுத்தாள்.

2012இல்தான் வீட்டில் சூடு எங்கே வீணாகிறது என்று அளக்கிற எனர்கைட் கணக்கெடுப்புக்கு ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் வாசல் கதவைத் திறந்து, அந்த இடம் முழுக்க ஒரு சீலையை இழுத்துக் கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பூட்டினார். விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, வெளிக்குளிர் கிடைக்கிற ஓட்டையெல்லாம் தேடி உள்ளே வந்தது. பரணுக்கு ஏறுகிற மூடியைச் சுற்றி, வெளிச்சுவரில் இருக்கிற பிளக்குகளுக்குள்ளால், பேஸ்மென்றில் சீமெந்துச் சுவருக்கு மேல் மரச்சட்டம் குந்துகிற விளிம்பு நீளத்துக்கு. ஒரு பிளக்குக்குப் பக்கத்தில் கையை வைத்தேன், ஐஸ்பெட்டியைத் திறந்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு ஓட்டைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கிற கணக்கு என்றார்.

நீங்கள் அவரைக் கூப்பிட முதல் ஒரு வேலை செய்து பாருங்கோ. காற்று வீசுகிற ஒரு குளிர்நாளில் ஊதுபத்தியைக் கொளுத்தி பரண் மூடி, பிளக், ஜன்னல் விளிம்பு என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடியுங்கோ. புகை நேரே மேலே போகாமல் வளைந்தால் அங்கே ஓட்டை. சீலைகளில் பட்டுவிடாமல் கவனம். இந்த ஓட்டைகளை அடைக்கிற கோக்கும் (இடுக்கில் பூசுகிற பசை) போமும் (ஊதி நிரப்புகிற நுரை) சில நூறு டொலருக்குள் முடியும், பாதியை நீங்களே ஒரு வார இறுதியில் செய்யலாம்.

பின்னறைக்கு இன்னொன்று. பேஸ்மென்ற் கூரையில் அந்த அறைக்குப் போகிற தகரக் குழாயை முழு நீளத்துக்கும் பாருங்கோ. எங்களுடையது நடுவில் கழன்று, காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றைக் கூரைக்குள் ஊதிக்கொண்டிருந்தது. ஒட்டுவதற்குச் சாம்பல்நிறச் சீலை ரேப் வேண்டாம், காய்ந்து கழன்றுவிடும். அலுமினிய போயில் ரேப் வாங்குங்கோ. ஆனால் பழைய மூட்டுகளில் வெள்ளையாக, பண்டேஜ் சீலை மாதிரி ஏதாவது சுற்றியிருந்தால் கை வைக்கவே வேண்டாம், அதில் நுரையீரலுக்கு ஆகாத அஸ்பெஸ்ரஸ் நார் இருக்கக்கூடும். பரணிலும் அதே எச்சரிக்கைதான். உள்ளே மண்ணிறமாக, மினுங்குகிற சின்னச் சின்னக் கல்லுப்போல் கொட்டிக் கிடந்தால் அது வேர்மிகுலைற், சூடு தப்பாமல் இருக்கப் போடுகிற இன்சுலேசனில் ஒரு வகை. அமெரிக்காவின் மொன்ரானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்ததில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது, அந்தச் சுரங்கத்தை 1990இல் மூடினார்கள். கிளறாமல் ஆய்வுகூடத்தில் சோதிப்பிக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் உங்கள் காசில் முதல் பெரிய தொகை பரணுக்குத்தான் போக வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் சில அங்குல இன்சுலேசன்தான் கிடக்கும். இப்போது ஆர்-60 (சூட்டைத் தடுக்கிற அளவு) வரை, அதாவது ஒன்றரை அடிக்குக் கிட்ட ஊதி நிரப்புகிறார்கள். நாங்கள் நிரப்பிய அடுத்த குளிர்காலத்தில் கூரையில் பனி கரையாமல் அப்படியே கிடந்தது. அதற்கு முதல் எங்கள் கூரையில்தான் தெருவிலேயே முதலில் பனி கரையும். வீட்டுச் சூடு கூரையால் தப்பிப் போனதுதான் காரணம், நாங்கள் அதை ஏதோ பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம்!

இனிக் குசினி. இதைத்தான் ஒருவரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன். நாங்கள் இடியப்பமும் புட்டும் அவிக்கிற ஆட்கள். மீன் பொரிப்போம், மிளகாய் வறுப்போம். ஓட்டை வீட்டில் அந்த ஆவி எப்படியோ வெளியே போய்விடும். ஓட்டையை அடைத்ததும் அது போக இடமில்லாமல் ஜன்னலில் தண்ணியாக வழியும், பிறகு மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் அடுப்புக்கு மேல் வைக்கிற விசிறி காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறதாக இருக்க வேண்டும். வடிகட்டித் திரும்ப முகத்திலேயே ஊதுகிற வகை எங்கள் சமையலுக்கு உதவாது.

ஆனால் பெரிய விசிறிக்கு ஒரு ஆபத்து உண்டு. உங்கள் சுடுதண்ணி ராங்கின் புகை, செங்கல் புகைபோக்கி வழியாகத் தன்பாட்டில் மேலே போகிற வகை என்றால், இறுக்கிய வீட்டில் பலமான விசிறி அந்தப் புகையைக் கீழே இழுத்துவிடும். மணமில்லாத நச்சுக் காற்றான கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும். ஜன்னல் கதவெல்லாம் மூடி, குசினி விசிறி, உடுப்புக் காய வைக்கிற மெசின் இரண்டையும் ஓடவிட்டு, ராங் எரிய வைத்து, அதன் மேல்மூடிக்குக் கீழே அதே ஊதுபத்தியைப் பிடியுங்கோ. ஓரிரு நிமிசத்துக்குப் பிறகும் புகை உள்ளே போகாமல் வெளியே தள்ளப்பட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கோ. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் 2026 ஜனவரி 1 முதல் இப்படியான வீடுகளில் ஒவ்வொரு மாடியிலும் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும். பேஸ்மென்றும் அதில் சேர்த்தி.

பேர்னஸ் மாற்றும்போது இதே ராங் இன்னொரு முறை தலை காட்டும். பழைய பேர்னஸும் ராங்கும் ஒரே புகைபோக்கியைப் பாவிக்கும். புதிய பேர்னஸின் புகை வெள்ளை பி.வி.சி குழாயில் பக்கச் சுவரால் வெளியே போகும். ராங் அந்தப் பெரிய புகைபோக்கியில் தனித்துப் போகும். அதன் கொஞ்சப் புகை அதைச் சூடாக்கப் போதாது, உள்ளேயே நீராகிச் செங்கலைத் தின்னும். உள்ளே லைனர் என்கிற ஒடுங்கிய குழாயை இறக்க வேண்டும், அல்லது ராங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். குவொட்டேசனில் இதைப்பற்றி ஒரு வரியும் எழுதாத ஆளை அப்படியே வழியனுப்புங்கோ.

ஓட்டை அடைத்து, பரண் நிரப்பியபின் பேர்னஸ் ஆட்களைக் கூப்பிடும்போது 'எஃப்280 கணக்குப் போட்டுத் தருவீர்களா?' என்று கேளுங்கோ. வீடு எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதற்கான கனடியக் கணக்கு அது. நாங்கள் அந்தப் பேர்னஸை 2023இல் மாற்றியபோது கணக்குப்படி 60,000 பி.ரி.யு போதும் என்று வந்தது. இப்போது அது மெதுவாக, நீண்ட நேரம் ஓடுகிறது, பின்னறையும் சூடாகிறது. உங்கள் ஏசி பழசென்றால் அதற்குப் பதிலாகக் குளிர்நாட்டு வகை ஹீற் பம்ப் (வெளிக்காற்றின் சூட்டை உள்ளே எடுக்கிற மின்சார மெசின்) போட்டு, கடுங்குளிருக்கு மட்டும் காஸ் பேர்னஸை வைத்திருக்கலாம். மிச்சம் எவ்வளவு என்று யூரியூப்பில் சொல்கிற கணக்குகளை நம்பிவிடாதீர்கள். காஸ் பில்லில் இருந்த கார்பன் வரி 2025 ஏப்ரல் 1உடன் போய்விட்டது, அதற்கு முந்திய கணக்கெல்லாம் பழசு. மானியமும் அப்படித்தான். 5,000 டொலர் வரை தந்த மத்திய அரசின் கிறீனர் ஹோம்ஸ் மானியம் 2024 பெப்ரவரியில் புதியவர்களுக்கு மூடப்பட்டது. 2025 ஜனவரியில் மாகாணம் தொடங்கிய ஹோம் ரெனோவேசன் சேவிங்ஸ் திட்டத்தைப் பாருங்கோ, அதுவும் வேலை தொடங்க முதல்.

அந்த ரெலிபோன்காரரைப் பற்றி. 2016இல் என் வாசலுக்கும் ஒருவர் வந்தார், கழுத்தில் அட்டை, வாயில் 'அன்ரி'. காஸ் கொம்பனியிலிருந்து பரிசோதிக்க வந்ததாகச் சொல்லி, மாதம் 90 டொலருக்குத் தண்ணி வடிகட்டியும் ராங்கும் என்று பத்து வருசத்துக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார். பத்து வருசத்துக்கு 10,800 டொலர்! அதைப் பெருக்கிப் பார்க்க எனக்கு மூன்று மாதம் சென்றது. இந்தச் சாமான்களை வீடு வீடாக வந்து விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச் 1இல் தடை செய்தது. வாடகைச் சாமானுக்காக வீட்டு உறுதியில் அறிவித்தல் பதிகிற பழக்கத்தையும் 2024 ஜூனில் நிறுத்தியது. அதனால்தான் இப்போது ரெலிபோனில் வருகிறார்கள். உங்கள் ராங்கில் யாருடைய ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கிறது, வீடு வாங்கிய ஒப்பந்தத்தில் வாடகைச் சாமான் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கோ. பழைய சொந்தக்காரரின் வாடகையை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கலாம்.

பேஸ்மென்ற் வாடகை இந்த வருசம் வேண்டாம். பெர்மிற், கூரை உயரம், தப்பி வெளியேற ஜன்னல், தீத்தடுப்பு என்று அது தனிச் செலவு, 30,000இல் அடங்காது. 'எங்கடை பெடியன்தான், எச்.எஸ்.ரி வரி இல்லாமல் செய்து தருவான்' என்று யாராவது வந்தால், மாகாணத்தின் பாதுகாப்பு அமைப்புகள் தருகிற, மின்சார வேலைக்கு ஈ.எஸ்.ஏ லைசென்ஸ் எண்ணையும் காஸ் வேலைக்கு ரி.எஸ்.எஸ்.ஏ பதிவையும் கேளுங்கோ. கேட்டதும் முகம் மாறினால் பதில் கிடைத்துவிட்டது.

இன்னொன்று, எப்போதாவது புதிய பேர்னஸ் போட்டால் அந்த வெள்ளைக் குழாய்கள் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் வருகின்றன என்று நின்று பாருங்கோ. 2022 ஜனவரி 17 பனிப்புயலில் எங்கள் பக்கத்து வீட்டுக் குழாய் புதைந்து பேர்னஸ் நின்றுவிட்டது. அந்த மனுசன் பைஜாமாவோடு நின்று சாப்பாட்டுத் தட்டால் பனியைத் தோண்டினார்.

பரண் மூடியைத் திறந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கோ தம்பி. உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.